முன்சீப் ஆவது எப்படி? விசாரணை நீதிபதியின் நியமனமும் மூன்றாண்டு அனுபவ விதியும்

கேள்வி

உரிமையியல் நீதிபதி என்று அரசாணைகள் குறிப்பிடும் பதவியை மதுரை வட்டாரத்தில் பெரும்பாலோர் இன்னும் முன்சீப் என்றே சொல்கிறார்கள். உரிமையியல் நீதித்துறை ஏணியின் முதல் படி அது. வரப்புத் தகராறு, பாகப்பிரிவினை, வாடகைப் பாக்கி, புரோநோட்டுக் கடன், பாதை மறிப்பு என ஊருக்குள் எழும் சச்சரவுகளில் பெரும்பகுதி நீதிமன்றத்துக்குள் நுழையும் வாசல் அதுதான். கணிசமானவை அங்கேயே முடிந்தும் விடுகின்றன.

மதுரையிலிருந்து மேலூர் போகும் சாலையில், யானைமலைக்கு எதிரே ஒத்தக்கடையை ஒட்டி நிற்கிறது சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. 2004 ஜூலை 24 அன்று தொடங்கப்பட்ட அக்கிளைக்குத் தென் மாவட்டங்களின் மேல்முறையீடுகளும் ரிட் மனுக்களும் வருகின்றன. ஆனால் ஒத்தக்கடைக்காரர் ஒருவரின் நிலத் தகராறு அந்த வளாகத்தில் தொடங்குவதில்லை. மாவட்டத்தின் கீழமை நீதிமன்றம் ஒன்றில் பிராது தாக்கலாகி, எண்ணிடப்பட்டு, வாய்தாக்களைக் கடந்து, சாட்சி விசாரணை முடிந்து தீர்ப்பாக வேண்டும். முன்சீப்பின் தீர்ப்பை எதிர்ப்பவர் சார்பு நீதிமன்றத்துக்குப் போகிறார். உயர் நீதிமன்றத்துக்கு அது வருவது இரண்டாவது மேல்முறையீட்டில்தான். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 100-வது பிரிவின்படி, கணிசமான சட்டக் கேள்வி இருந்தால் மட்டுமே அந்த மேல்முறையீடு நிற்கும். வாய்க்கால் யார் தோட்டத்தின் வழியாக ஓடியது, கையெழுத்து யாருடையது போன்ற உண்மை சார்ந்த முடிவுகள் அதற்குள் உறுதிப்பட்டுவிடுகின்றன. சாட்சியின் முகத்தைப் பார்த்து, குரலைக் கேட்டு முடிவெடுத்தவர் முதல் நீதிபதி ஒருவரே. மேலே இருப்பவர்கள் படிப்பது காகிதத்தை.

ஆகவே அந்த முதல் நீதிபதியை யார், எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது நிர்வாக விவரமாக மட்டும் நின்றுவிடுவதில்லை. சட்டப்படிப்பு முடித்த கையோடு தேர்வெழுதி ஒருவர் நீதிபதி ஆகலாமா, இல்லை சில ஆண்டுகள் வழக்காடியிருக்க வேண்டுமா என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 32 ஆண்டுகளில் மூன்று முறை விடை எழுதியிருக்கிறது. கடைசி விடை 2025 மே 20 அன்று வந்தது. அந்த விடை தமிழ்நாட்டின் அனுபவத்தோடு எவ்வளவு பொருந்துகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

முன்சீப் என்ற பெயர்

சென்னை மாகாணத்தில் 1802-ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் ஜில்லா நீதிமன்றங்களை நிறுவின. தாமஸ் மன்றோவின் முயற்சியால் 1816-இல் வந்த விதிகள் நீதியை ஊர் மட்டத்துக்கு இறக்கின. அவ்வாண்டின் 4-வது விதி கிராம முன்சீப்பையும், 5-வது விதி கிராமப் பஞ்சாயத்தையும், 6-வது விதி மாவட்ட முன்சீப்பையும் உருவாக்கின. முதலாவதும் மூன்றாவதும் பெயரால் ஒன்றுபட்டாலும் வேறு வேறு பதவிகள். கிராம முன்சீப் என்பது நாளடைவில் ஊர் அதிகாரியின் பட்டமாகவே நிலைத்து, 1980-இல் தமிழக அரசு அப்பதவிகளை ஒழிக்கும்வரை நீடித்தது. மாவட்ட முன்சீப்போ 1873-ஆம் ஆண்டு சென்னை உரிமையியல் நீதிமன்றங்கள் சட்டத்தின் வழியே, மாவட்ட நீதிபதி, சார்பு நீதிபதி ஆகியோருக்குக் கீழே முழுநேர நீதிபதியாக உறுதிப்பட்டார்.

இப்பதவியில் இருந்தவர்களில் தமிழுலகம் நன்கறிந்தவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889). 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதியவர் என்ற புகழ் அவருடைய நீதிமன்ற வாழ்க்கையை மறைத்துவிட்டது. திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் வேலை பார்த்துவிட்டுத் தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார். பின்னர் சீர்காழியிலும் மாயூரத்திலும் பணியாற்றினார். அன்றைய மேல்முறையீட்டு மன்றமான சதர் நீதிமன்றத்தின் தீர்ப்புகளைத் தமிழில் சுருக்கி 1862-இல் 'சித்தாந்த சங்கிரகம்' என்ற பெயரில் வெளியிட்டார். ஏறத்தாழ அதே காலத்தில் அதே தரங்கம்பாடியில் முன்சீப்பாக இருந்தவர் திருவாரூர் முத்துசாமி ஐயர். கிராமக் கணக்கருக்கு உதவியாளாக மாதம் ஒரு ரூபாய்க்கு வேலை பார்த்த அவர், பிற்காலத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியானார்.

இவ்விருவரும் இங்கே பழம்பெருமைக்காக நினைக்கப்படவில்லை. பெயர்பெற்ற வழக்கறிஞர்களாக இருந்து இவர்கள் நீதிபதிகள் ஆகவில்லை. கட்டுகளோடும் கணக்குகளோடும் மொழிபெயர்ப்போடும் பழகி, தேர்வு எழுதி வந்தவர்கள். நீதிமன்ற அனுபவம் என்றால் வக்காலத்துத் தாக்கல் செய்த அனுபவம் மட்டுமே என்று இன்று எடுத்துக்கொள்வது, வரலாற்றைப் பார்த்தால், குறுகலான பொருள்.

அரசியலமைப்பு போட்ட பாதை

அரசியலமைப்பின் 233 முதல் 237 வரையான உறுப்புகள் கீழமை நீதித்துறையைப் பற்றியவை. மாவட்ட நீதிபதிகளை உயர் நீதிமன்றத்தைக் கலந்து ஆளுநர் நியமிக்கிறார். ஏற்கெனவே அரசுப் பணியில் இல்லாதவர் அப்பதவிக்கு நேரடியாக வர வேண்டுமானால் 7 ஆண்டுகள் வழக்கறிஞராக இருந்திருக்க வேண்டும். உயர் நீதிமன்றமும் பரிந்துரைக்க வேண்டும். அதற்குக் கீழுள்ள பதவிகளுக்கு மாநிலத் தேர்வாணையத்தையும் உயர் நீதிமன்றத்தையும் கலந்து வகுத்த விதிகளின்படி நியமனம் நடக்கும். நியமித்தபின் பணியிடம், இடமாற்றம், பதவி உயர்வு, விடுப்பு ஆகியவற்றின் மீதான கட்டுப்பாடு 235-வது உறுப்பின்படி உயர் நீதிமன்றத்திடம் போகிறது.

இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி அரசு நிர்வாகத்திடமிருந்து நீதிபதியைப் பிரித்து வைப்பது. உத்தரப் பிரதேசத்தில் நிர்வாக அதிகாரிகளையும் 'நீதித்துறை அலுவலர்' என்ற பெயரில் மாவட்ட நீதிபதிகளாக்கிய முறை 1966-இல் சந்திர மோகன் வழக்கில் செல்லாததாயிற்று. ஏற்கெனவே நியமனமானவர்களையும் அவர்கள் அளித்த தீர்ப்புகளையும் காக்க 20-வது திருத்தம் கொண்டுவந்து 233-அ உறுப்பைச் சேர்க்க வேண்டியதாயிற்று. சென்னை மாநிலம் இப்பிரிவினையைப் பல மாநிலங்களுக்கு முன்பே நடைமுறைப்படுத்திய ஒன்று. ஒரே ஆள் காலையில் வரி வசூலித்து மாலையில் தண்டனை கொடுக்கும் நிலை இங்கே சீக்கிரம் முடிவுக்கு வந்தது.

தமிழ்நாட்டுத் தேர்வு முறை

தமிழ்நாடு மாநில நீதித்துறைப் பணி விதிகள் 2007-இல் வகுக்கப்பட்டவை. உரிமையியல் நீதிபதி, முதுநிலை உரிமையியல் நீதிபதி, மாவட்ட நீதிபதி என்று மூன்று நிலைகள். முதல் நிலைக்குத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் முதல்நிலைத் தேர்வும், முதன்மைத் தேர்வும், நேர்முகத் தேர்வும் நடத்துகிறது. 2023-இல் 245 இடங்களுக்கு அறிவிக்கை வந்தது. பணியிலிருக்கும் வழக்கறிஞர்களுக்கும் புதிதாகப் பட்டம் பெற்றவர்களுக்கும் தனித்தனித் தகுதியும் வயது வரம்பும் வைத்து இரு தரப்பாரையும் அனுமதித்த தேர்வு அது.

முதன்மைத் தேர்வின் நான்கு தாள்களில் மூன்று சட்டத்தைச் சோதிக்கின்றன. ஒன்று மொழிபெயர்ப்புத் தாள். வெளியார் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்வதுண்டு. உள்ளபடி, முன்சீப் வேலையின் மையத்தைத் தொடுவது அந்தத் தாள்தான்.

சாட்சிக் கூண்டில் நிற்கும் விவசாயி ஒருவரைக் குறுக்கு விசாரணை செய்யும் நேரத்தை எண்ணிப் பார்க்கலாம். 'எங்க அய்யா காலத்துலேருந்து அந்த இடத்தை நாங்கதான் அனுபவிச்சுட்டு வர்றோம்' என்கிறார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர், 'பட்டா யார் பேருல இருக்கு?' என்கிறார். 'அது அவுக பேருல இருக்கு. ஆனா பாத்தியதை எங்களுக்குத்தான்.' இந்த மூன்று வாக்கியங்களில் அனுபோகம் இருக்கிறது, வருவாய்த்துறை ஆவணம் இருக்கிறது, உரிமை கோரலும் இருக்கிறது. மூன்றும் சட்டத்தில் வெவ்வேறு. நீதிபதி அவற்றைச் சுருக்கித் தட்டச்சருக்குச் சொல்லும்போது 'அனுபோகம்' என்பது ஆங்கிலத்தில் 'உரிமை' என்று பதிவாகிவிட்டால், பத்து ஆண்டு கழித்து ஒத்தக்கடை வளாகத்தில் அதைப் படிப்பவர் அந்தச் சாட்சி சொல்லாத ஒன்றைச் சொன்னதாகவே எடுத்துக்கொள்வார். கீழமை நீதிமன்றங்களில் தமிழைப் பயன்படுத்த 1976-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டத் திருத்தம் வழி செய்தும், தீர்ப்புகளில் ஆங்கிலம் நீங்கவில்லை. அது நீங்கும்வரை இந்த மொழிபெயர்ப்புத் திறன் நீதியின் ஒரு பகுதியாகவே இருக்கும். அகில இந்திய நீதித்துறைப் பணி என்ற திட்டத்துக்கு அரசியலமைப்பின் 312-வது உறுப்பில் 1976-லேயே இடம் கிடைத்தும் அது இன்றுவரை நடப்புக்கு வராததற்கு மொழியும் ஒரு காரணம். மதுரைப் பேச்சு புரியாதவர் மதுரையில் சாட்சியம் பதிவு செய்ய முடியாது என்ற மறுப்பு உணர்ச்சியிலிருந்து எழுந்ததில்லை. வேலையின் தன்மையிலிருந்து எழுந்தது.

இத்தேர்வின் இன்னொரு சிறப்பு இடஒதுக்கீடு. உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்ற நியமனங்களில் இடஒதுக்கீடு இல்லை. முன்சீப் தேர்விலோ தமிழ்நாட்டின் 69 சதவீத ஒதுக்கீடு பொருந்துகிறது. நீதித்துறையில் தமிழ்ச் சமூகத்தின் எல்லாப் பிரிவினரும் முறையாக நுழையும் வழி இந்த அடிப்படியில்தான் அமைந்திருக்கிறது. இவ்வழியும் தானாகச் சரியாக நடந்துவிடுவதில்லை. 2023 அறிவிக்கைக்கான தற்காலிகத் தெரிவுப் பட்டியலைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் ரத்து செய்தது. பொதுப் பிரிவில் இடம்பெறத் தக்க மதிப்பெண் வாங்கிய ஒதுக்கீட்டு வகுப்பினரை நிலுவைக் காலியிடங்களில் வைத்தது தவறு என்று கூறிப் பட்டியலைத் திருத்த உத்தரவிட்டது.

மூன்றாண்டு விதி: வந்தது, போனது, மீண்டும் வந்தது

அகில இந்திய நீதிபதிகள் சங்கம் தொடுத்த வழக்குகளே இத்துறையில் நடந்த மாற்றங்களுக்கெல்லாம் ஊற்று. 1991 தீர்ப்பு ஓய்வு வயதை 60 ஆக உயர்த்தியது. வீடு, நூலக வசதிகளுக்கு உத்தரவிட்டது. 1993-இல் மறுஆய்வின்போது, நீதிபதியாக விரும்புபவர் குறைந்தது 3 ஆண்டுகள் வழக்கறிஞராக இருந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. முதல் நாளிலிருந்தே மக்களின் உயிர், உடைமை, நற்பெயர் பற்றி முடிவெடுப்பவருக்குப் புத்தக அறிவு போதாது என்பது வாதம்.

1999-இல் முதல் தேசிய நீதித்துறை ஊதிய ஆணையமான ஷெட்டி ஆணையம் அறிக்கை அளித்தது. அதை ஏற்று 2002-இல் உச்ச நீதிமன்றம் அவ்விதியை நீக்கியது. கெட்டிக்காரர்கள் மூன்று ஆண்டு வழக்கறிஞர் தொழிலில் காலூன்றிவிட்டால், நீதிபதி வேலைக்குத் திரும்பி வர மாட்டார்கள். புதிதாகப் படித்து வந்தவர்களை எடுத்து ஓராண்டோ, இயன்றால் ஈராண்டோ பயிற்சி கொடுக்கலாம் என்பது அப்போதைய கணிப்பு. அதே தீர்ப்புதான் 10 லட்சம் பேருக்கு 50 நீதிபதிகள் என்ற இலக்கை 5 ஆண்டுகளில் எட்டச் சொன்னது. 1987-இல் சட்ட ஆணையத்தின் 120-வது அறிக்கை அதே எண்ணைச் சொன்னபோது நாட்டில் இருந்தது 10.5. இந்திய நீதி அறிக்கை 2025-இல் தரும் எண் ஏறத்தாழ 15.

2025 மே 20 அன்று அப்போதைய தலைமை நீதிபதி பி.ஆர்.கவாய் தலைமையிலான அமர்வு மூன்றாண்டு விதியை மீண்டும் கொண்டுவந்தது. புதிய பட்டதாரிகளை நேரடியாக நியமித்தது நல்ல பலன் தரவில்லை என்று பெரும்பாலான உயர் நீதிமன்றங்கள் கூறியதை அது ஏற்றது. தற்காலிகப் பதிவு செய்த நாளிலிருந்து மூன்றாண்டு கணக்கிடப்படும். 10 ஆண்டு அனுபவமுள்ள வழக்கறிஞர் சான்று தர வேண்டும். அதை உரிய நீதித்துறை அலுவலர் உறுதி செய்ய வேண்டும். நீதிபதிகளிடம் சட்ட எழுத்தராக இருந்த காலமும் சேரும். நியமனத்துக்குப்பின் ஓராண்டுப் பயிற்சி கட்டாயம்.

இரு தரப்பையும் எடை போடுதல்

விதியை ஆதரிப்போர் சொல்வதில் உண்மை இருக்கிறது. வாய்தா கேட்கும் மனுவில் எது நேர்மையானது, எது இழுத்தடிப்பு என்பதைச் சட்டநூல் சொல்லித்தராது. இடைக்காலத் தடை கோரும் மனுவை மாலை நாலரை மணிக்கு அவசரம் என்று கொண்டுவரும்போது எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் அனுப்பாமல் உத்தரவு போடலாமா என்ற முடிவுக்குப் பழக்கம் வேண்டும். இருபது ஆண்டு அனுபவமுள்ள வழக்கறிஞர் எதிரே நின்று குரல் உயர்த்தும்போது 24 வயது நீதிபதி தடுமாறுவது இயல்பு. வழக்கறிஞர் சங்கங்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் குறை இது.

ஆனால் மூன்றாண்டு என்ற எண் இந்தத் திறனை அளக்கிறதா? வக்காலத்தில் பெயர் சேர்த்துவிட்டுப் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்திருந்தவரும், முன்சீப் நீதிமன்றத்தில் தினமும் நின்று சாட்சி விசாரித்தவரும் ஒரே சான்றிதழைத்தான் கொண்டுவருவார்கள். சான்று தருபவர் பெரும்பாலும் அவருடைய சீனியரே. இது விதியின் முதல் பலவீனம்.

இரண்டாவது பலவீனம் பணம். அப்பா வழக்கறிஞராக இல்லாத, சென்னையிலோ மதுரையிலோ வீடில்லாத இளைஞர் அந்த மூன்று ஆண்டுகளை எதைக்கொண்டு கழிப்பார்? சென்னை, மதுரை, கோவை நகரங்களில் இளம் வழக்கறிஞர்களுக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாயும், பிற இடங்களில் 15,000 ரூபாயும் தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் உத்தரவிட நேர்ந்ததே நிலைமையைக் காட்டுகிறது. அந்தத் தொகை எல்லோருக்கும் கிடைத்துக்கொண்டிருந்தால் நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்திருக்காது.

2023 தேர்வில் வென்றவர்களில் ஜவ்வாது மலைப் பகுதியைச் சேர்ந்த 23 வயதுப் பழங்குடிப் பெண் ஒருவர் இருந்தார். குழந்தை பிறந்த சில நாளில் சென்னைக்குப் பயணம் செய்து முதன்மைத் தேர்வு எழுதினார். அவருடைய வெற்றியைத் தமிழ்நாடே கொண்டாடியது. கைக்குழந்தையோடு மலையிலிருந்து இறங்கி மூன்றாண்டு ஜூனியராக இருந்த பிறகே தேர்வு என்று விதி சொல்லியிருந்தால், அவர் அந்தத் தேர்வு அறைக்கு வந்திருப்பாரா என்ற கேள்வியைத் தவிர்த்துவிட்டு இவ்விதியை மதிப்பிட முடியாது.

புதிய பட்டதாரிகளின் நியமனம் பலன் தரவில்லை என்ற முடிவும் உயர் நீதிமன்றங்களின் கருத்தையே பெரிதும் நம்பி நிற்கிறது. புதிதாக வந்தவர்களின் தீர்ப்புகள் மேல்முறையீட்டில் எவ்வளவு மாற்றப்பட்டன, அனுபவத்தோடு வந்தவர்களுடையவை எவ்வளவு என்ற ஒப்பீடே இக்கேள்விக்கு உரிய சான்று. நாடு முழுவதற்கும் ஒரே விதி போடும்போது அந்தச் சான்று முன்னால் வந்திருக்க வேண்டும்.

நியமனத்துக்குப் பிறகு

பதவியேற்றவர் மாநில நீதித்துறை அகாதமியில் பயிற்சி பெறுகிறார். சென்னையில் தலைமையிடம் கொண்ட அதற்கு மதுரையிலும் கோவையிலும் வட்டார மையங்கள் உண்டு. அதன்பின் வாழ்க்கை இடமாற்றங்களால் ஆனது. கோடை விடுமுறையை ஒட்டி வரும் இடமாற்றப் பட்டியல் குழந்தைகளின் பள்ளியையும் துணைவரின் வேலையையும் சேர்த்தே நகர்த்துகிறது. மாதந்தோறும் எத்தனை வழக்கு முடித்தார் என்று 'யூனிட்' கணக்கு பார்க்கப்படுகிறது. மாவட்டத்துக்குப் பொறுப்பான உயர் நீதிமன்ற நீதிபதி ஆய்வுக்கு வருகிறார். ஆண்டுதோறும் ரகசிய மதிப்பீடு எழுதப்படுகிறது. இரண்டாவது தேசிய நீதித்துறை ஊதிய ஆணையத்தின் பரிந்துரைப்படி முதல் நிலையின் தொடக்க ஊதியம் 77,840 ரூபாய். மாவட்ட நீதிபதிக்கு 1,44,840 ரூபாய்.

இந்த ஏணி எவ்வளவு உயரம் போகும் என்பதற்கு, பின்னாளில் தமிழக ஆளுநராக இருந்த எம்.பாத்திமா பீவி சான்று. 1950-இல் வழக்கறிஞர்; 1958-இல் கேரளத்தில் முன்சீப்; 1968-இல் சார்பு நீதிபதி; 1974-இல் மாவட்ட நீதிபதி; 1983-இல் உயர் நீதிமன்றம்; 1989-இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி. இத்தகைய பயணம் அரிது. பெரும்பாலோர் மாவட்ட நீதிபதி நிலையிலோ அதற்கு முன்போ ஓய்வு பெறுகிறார்கள். 7 ஆண்டு அனுபவமுள்ள கீழமை நீதிபதிகளும் மாவட்ட நீதிபதிக்கான நேரடித் தேர்வை எழுதலாம் என்று 2025 அக்டோபரில் அரசியலமைப்பு அமர்வு கூறியிருப்பது, நடுப்படியில் தேங்கி நிற்போருக்குக் கிடைத்த புதிய வழி.

சாத்தான்குளம் காட்டியது

நீதிபதியின் தரத்தைத் தேர்வோ சான்றிதழோ மட்டும் தீர்மானிப்பதில்லை என்பதற்கு மதுரைக் கிளையின் எல்லைக்குள்ளேயே நடந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் கைதான ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற தந்தையும் மகனும் அடுத்தடுத்து இறந்தனர். அவர்களைச் சிறைக்காவலுக்கு அனுப்பிய விதம் கடும் கேள்விக்கு உள்ளானது. காவல்துறை கொண்டுவந்து நிறுத்தும் ஆளை ஏறெடுத்துப் பார்த்து, காயம் உண்டா என்று கேட்பது, முன்சீப்புக்கு இணையான நிலையில் இருக்கும் நீதித்துறை நடுவரின் முதல் கடமை.

மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்து, விசாரிக்கக் கோவில்பட்டி நீதித்துறை நடுவரை அனுப்பியது. காவல் நிலையத்தில் தனக்கு ஒத்துழைப்பு கிடைக்கவில்லை, காவலர் ஒருவர் தன்னை இழிவாகப் பேசினார், கண்காணிப்புக் கேமராப் பதிவுகள் நாள்தோறும் அழியும்படி அமைக்கப்பட்டிருந்தன என்று அவர் அறிக்கை தந்தார். அஞ்சியபடியே பேசிய பெண் தலைமைக் காவலரின் வாக்குமூலத்தையும் பதிவு செய்தார். நீதிபதிகள் பி.என்.பிரகாஷ், பி.புகழேந்தி அமர்வு அந்தக் காவல் நிலையத்தையே வருவாய்த்துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவர வழி செய்தது; நடுவரை அவமதித்ததாக அவமதிப்பு நடவடிக்கையும் எடுத்தது.

கீழமை நீதித்துறையின் அடிப்படியில் இருக்கும் ஒருவர் அன்று ஒரு காவல் நிலையத்தையே எதிர்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் உயர் நீதிமன்றம் நின்றது. 235-வது உறுப்பு தரும் கட்டுப்பாட்டின் நல்ல முகம் அது. யூனிட் கணக்கும் இடமாற்றமும் மட்டுமே கீழமை நீதிபதிக்குத் தெரிந்த உயர் நீதிமன்றமாக இருந்தால், இந்தத் துணிவை எல்லோரிடமும் எதிர்பார்க்க முடியாது.

விதித் திருத்தத்தில் சேர வேண்டியவை

மூன்றாண்டு விதியின் நோக்கம் சரி. அதை அளக்கும் முறை போதாது. உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி மாநிலப் பணி விதிகளைத் திருத்தும்போது, சீனியரின் சான்றிதழோடு நிறுத்திக்கொள்ளாமல், விண்ணப்பதாரர் விசாரணை நீதிமன்றங்களில் நேர் நின்ற வழக்குகளின் எண்களையும் நாட்களையும் கொண்ட பதிவேட்டைக் கேட்கலாம். மின்-நீதிமன்றத் தளத்தில் வழக்கு எண்ணைப் போட்டால் நாள்வாரி நடவடிக்கை தெரியும் காலத்தில் இது கடினமான காரியமில்லை. வேதநாயகம் பிள்ளை நீதிமன்ற அலுவலகத்தில் கற்றதுபோல, மாவட்ட நீதிமன்றங்களில் ஊதியத்தோடு கூடிய ஆய்வு உதவியாளர் பணிகளை உருவாக்கி அந்தக் காலத்தையும் அனுபவமாகக் கணக்கிட்டால், வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள் வெளியே நிற்க நேராது. உயர் நீதிமன்ற நீதிபதிகளின் சட்ட எழுத்தர் பணி கணக்கில் சேருமானால், முன்சீப் நீதிமன்றத்தில் கட்டு புரட்டிய காலம் சேரக் கூடாது என்பதற்கு நியாயம் ஏதுமில்லை. இவ்வழிகள் இல்லாமல் மூன்றாண்டை மட்டும் கட்டாயமாக்கினால், அது அனுபவத்தைக் கூட்டுவதைவிட, இடஒதுக்கீடு திறந்துவிட்ட கதவைப் பாதி சாத்துவதாகவே முடியும். திருத்தத்தை வரையும் உயர் நீதிமன்றமும் அதைப் பிறப்பிக்கும் மாநில அரசும் இதைக் கருதியாக வேண்டும்.